மறைவிடத்துக் கட்டிக்குக் காரணம் பாவமா? கிருமியா?

பெண்களுக்கு மறைவிடத்தில் வரும் கட்டியைப்பற்றிப் பத்திரிகையில் எழுதுவதா என்று சிலர் முகஞ்சுளிப்பார்கள். காதில் சீழ் வந்தால் ஊரெல்லாம் சொல்லி மருந்து கேட்கலாம். மறைவிடத்தில் சீழ் வந்தால் மட்டும் வாய்திறக்கக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம் என்று அவர்களைக் கேட்கின்றோம்.

சங்கதி இதுதான். பெண்குறியின் வாயிலில் இருபக்கமும் பட்டாணியளவில் ஒவ்வொரு சுரப்பி இருக்கின்றது. 1677-ல் டென்மார்க் தேசத்து காஸ்பர் பார்த்தோலின் என்கின்ற உடற்கூற்று அறிஞர் இவற்றை விவரித்து எழுதியதால் பார்த்தோலின் சுரப்பி என்று பெயர். ஈரப்பசைக்கு வேண்டிய நீரைச் சுரந்து, சுமார் 2 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய் வழியாக வெளியே விடுவது இவற்றின் வேலை. குழாயின் வாய் அடைபட்டால் நீர் தேங்கி வீங்குகின்றது. அதில் கிருமி புகுந்தால் சீழ்பிடித்து, நடக்கவும் உட்காரவும் முடியாத வலி உண்டாகின்றது. நூற்றுக்குச் சுமார் 2 பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த வீக்கமோ சீழ்க்கட்டியோ வருகின்றது. வாய்க்கால் அடைபட்டுத் தண்ணீர் தேங்கினால் மண்வெட்டியை எடுக்கின்றோமே தவிர ஜாதகத்தை எடுப்பதுண்டா? பெண்ணுக்குக் கட்டி வந்தால் மட்டும் சர்ப்பதோஷமும் பூர்வஜென்ம பாவமும் எங்கிருந்து வந்து சேருகின்றன?

கட்டியில் அதிகமாகக் காணப்படுவது மனிதர் எல்லோருடைய குடலிலும் வாழுகின்ற ஈ.கோலை என்னும் கிருமி. ஸ்டாபிலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் முதலியவையும் காணப்படுவதுண்டு. சிலருக்கு மாத்திரம் வெட்டை நோய்க் கிருமியோ, கிளமிடியாவோ காரணமாகலாம். ஆகவே கட்டியைப் பார்த்துப் பெண்ணின் நடத்தையை அளப்பது சுத்த மூடத்தனமாகும். வெட்டைக் கிருமியே இருந்தாலுந்தான் என்ன? வீட்டு வாசற்படி தாண்டாத மனைவிக்கு அதைக் கொண்டுவந்து கொடுத்த புண்ணியவான் யார்? கற்பைப் பெண்ணுக்கு மட்டும் எழுதிவைத்த கூட்டம் இதற்குப் பதில் சொல்லட்டும். அப்படிப்பட்ட கணவனும் கூடவே வைத்தியம் செய்துகொள்ளாவிட்டால் வியாதி மறுபடியும் மனைவிக்கே திரும்பும்.

வலியில்லாத சிறு வீக்கத்துக்குப் பெரும்பாலும் வைத்தியமே வேண்டியதில்லை. வலி கண்டால் தினம் சில தடவை வெதுவெதுப்பான நீரில் உட்காருவது நலம். சீழ் கட்டிவிட்டால் மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. வீட்டில் ஊசியாலோ முள்ளாலோ குத்தவும் கூடாது. டாக்டர் சீழை வெளியேற்றி, சிறு ரப்பர் குழாயைச் சுமார் 4 வாரம் உள்ளே வைத்து, நீர் வடியப் புதுவழி செய்வார். ஜுரம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். 40 வயதுக்குமேல் புதிதாகக் கட்டி தோன்றினால், அபூர்வமாகப் புற்றுநோயாகவும் இருக்கக்கூடுமாதலால், பரிசோதிப்பது அவசியம்.

இவ்வளவு எளிய விஷயத்துக்காகப் பெண்கள் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, இரவெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பானேன்? தன் உடம்பைப்பற்றித் தானே பேசக்கூடாது என்று வெட்கத்தைக் கற்பித்து வைத்ததனால் அல்லவா?

தோழர்களே! உங்கள் வீட்டுப் பெண்கள் வலியென்றால் முதலில் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். தோஷம், பரிகாரம் என்று தட்டை நீட்டிக்கொண்டு வருகிறவனைப் பார்த்து, சீழ் வடிய உன் மந்திரத்தில் எந்த எழுத்து வழிசெய்யும் என்று கேளுங்கள்.