விசில் ஊதாத பயிற்றாசான்

அதட்டாது ஆட்டம் பயிற்றல் இயலாதென்பார் நம்மிடையே பலர். நாமும் ஒருகாலம் அவ்வாறே எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தைத் தளர்த்தியது ஜோன் கலார்டி என்னும் அமெரிக்கரின் வரலாறாகும்.

அவர் பயிற்றியது அமெரிக்க உதைபந்தாட்டம். பந்தைக் கையிலேந்தி ஓடுவோனை மோதி வீழ்த்தும் முரட்டு ஆட்டம். 1943 இல், கொலராடோவின் திரினிடாட் நகரத்து உயர்பாடசாலைப் பயிற்றாசான் போருக்கு அழைக்கப்பட, 16 வயது மாணாக்கரான கலார்டி அப்பொறுப்பை ஏற்றார். தமக்கு வெறுப்பூட்டிய கடும் பயிற்சிகளை நிறுத்தினார். பயிற்சியின்போது நீர் அருந்தலாகாதென்ற வழக்கத்தையும் ஒழித்தார். மாணாக்கராயிருந்து பட்டதை ஆசானானபின்னும் அவர் மறந்திலர். எம்மிற் பலர் முதன்மாதச் சம்பளத்தோடு அதனை மறந்துவிடுகின்றோம்.

பின்னர் மொன்டானாவின் கரோல் கல்லூரியில் நான்காண்டு. 1953 முதல் 2012 வரை மினசோட்டாவின் புனித யோவான் பல்கலைக்கழகம். ஆங்குப் பயிற்சியில் மோதி வீழ்த்தல் இல்லை, விசில் இல்லை. ஈற்றில் 489 வெற்றிகள். கல்லூரிப் பயிற்றாசான் வேறெவரும் அத்தொகையை எட்டிலர். நல்ல ஆட்டக்காரர் வாய்த்தனர் என்பர் சிலர். அறுபதாண்டாக ஆட்டக்காரர் மாறிக்கொண்டே இருந்தனர். மாறாதிருந்தவர் அவர் ஒருவரே.

ஆட்டக்காரர் அவரை 'ஜோன்' என்றே அழைத்தனர். இஃதொன்றை மட்டும் நாம் பின்பற்றோம். 'சேர்' என்று அழையாவிடின் எமக்குச் செவி கேளாது.

மாலைதோறும் மைதான வேலியோரம் நின்று, "பொடியன்களை இன்னும் கடுமையாக ஓட்டுங்கள்" என வற்புறுத்தும் பழைய மாணவ நண்பர்கள், தாம் நாவறண்டு ஓடிய அந்நாளைய மாலைகளை ஒருமுறை நினைந்துபார்க்க வேண்டுகின்றோம்.