குறுணைக்கு வந்த யோகம்

குறுணையை உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்? கஞ்சி வைப்பீர்கள், அவசரத்துக்கு உப்புமா கிண்டுவீர்கள், மிஞ்சினால் குருவிக்கு இறைப்பீர்கள். விருந்தாளி வருகிற அன்று அதை எடுத்துச் சமைக்க மனம் வருமா?

எனக்கு வந்தது. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சிறு யுத்தமே நடந்தது!

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் என்ற தேசம் இருக்கிறது. அங்கே பெண்கள் பெருமையோடு சமைக்கும் மீன் சோற்றுக்கு 'செபு ஜென்' என்று பெயர். சேன் லூயி என்ற பழைய துறைமுகப் பட்டினத்தில், மீனவர் வீடுகளில் பிறந்த பதார்த்தம். 2021-ல் யுனெஸ்கோ இந்தச் சமையலை மனித குலத்தின் கலைச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது. இத்தனை பெருமைக்கும் அரிசி எது தெரியுமோ? சாட்சாத் நம் குறுணைதான்!

இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. செனகலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களுக்கு நிலக்கடலை எண்ணெய் தேவைப்பட்டது. கம்பு விளைந்த நிலமெல்லாம் கடலைக் காடாயிற்று. ஜனங்கள் சாப்பிட வேண்டுமே! தங்கள் வசமிருந்த இந்தோசீனாவிலிருந்து, ஆலையில் உடைந்து கழிந்த அரிசியைக் கப்பலில் கொண்டு வந்து கொட்டினார்கள். கழிவென்று வந்த அரிசியைக் கொண்டு அந்தப் பெண்கள் விருந்து படைத்தார்கள். 1960-ல் தேசம் சுதந்திரம் பெற்ற பிறகும் குறுணை மேல் உள்ள ஆசை போகவில்லை. முழு அரிசியை விடக் குறுணை குழம்பை நன்றாக உறிஞ்சும் அல்லவா? நம் தேசத்திலிருந்தும் அங்கே குறுணை போகிறது. 2022 செப்டம்பரில் நம் சர்க்கார் குறுணை ஏற்றுமதிக்குத் தடை போட்டது. 2025 மார்ச்சில்தான் அதை நீக்கியது.

கடைக்காரரிடம் அரைக் கிலோ கேட்டேன். "கோழிக்காம்மா?" என்றார். வீட்டில் மாமியார் இன்னும் ஒரு படி மேலே போனார். "விருந்தாளிக்குக் குறுணையா? சின்ன வயசில் வேறு வழியில்லாமல் நாங்கள் தின்றது போதாதா? பார்க்கிறவர்கள் என்னடி நினைப்பார்கள்?" அவர் குரலில் கோபத்தை விட வேறு ஏதோ இருந்தது. நான் பதில் பேசாமல் மீனை நறுக்க உட்கார்ந்தேன்.

ஆறு பேருக்கு முக்கால் கிலோ களவா மீன் போதும், வஞ்சிரமும் சரிதான். பூண்டு, பச்சை மிளகாய், மிளகு, உப்பு, கொத்தமல்லி இவற்றைக் கரகரப்பாக இடித்து, மீன் துண்டங்களைக் கீறி உள்ளே திணியுங்கள். (அங்கே பார்ஸ்லி என்ற தழை, நமக்குக் கொத்தமல்லி.) கடலெண்ணெயை தாராளமாக ஊற்றி மீனை லேசாகப் பொரித்து எடுத்துவிடுங்கள். அதே எண்ணெயில் இரண்டு வெங்காயம், பிறகு நாலைந்து தக்காளி அரைத்த விழுது. இங்கே அவசரம் கூடாது! விழுது கறுஞ்சிவப்பாகி எண்ணெய் பிரிகிற வரை வதக்க வேண்டும். நிறமும் ருசியும் இதில்தான். ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு சிறு துண்டு கருவாடு, கொட்டைப்பாக்களவு புளி, உப்பு. மரவள்ளிக்கிழங்கு, காரட், கோஸ், கத்தரி, பரங்கி எல்லாம் பெரிய பெரிய துண்டங்களாகப் போடுங்கள். வெந்தது வெந்ததாக எடுத்துக்கொண்டே வர வேண்டும். மீன் கடைசியில் பத்து நிமிஷம் கொதித்தால் போதும்.

குறுணையைக் களைந்து, இட்லித் தட்டில் துணி போட்டுப் பரப்பிக் கால் மணி ஆவி காட்டுங்கள். இதைச் செய்யாவிட்டால் குழைந்து கூழாகிவிடும் (முதல் தடவை எனக்கு ஆயிற்று). பிறகு அதை மிஞ்சிய குழம்பில் கொட்டி, சிறு தணலில் மூடி வையுங்கள். குழம்பு அரிசிக்கு மேல் விரற்கடை நின்றால் போதும். மிகுந்தால் முன்பே எடுத்துவிடுங்கள். மசாலாப் பொடி எதுவும் வேண்டாம், கை பரபரத்தாலும்! புளிச்சகீரையையும் வெண்டைக்காயையும் வேக வைத்து மசித்துத் தொட்டுக்கொள்ளலாம். அங்கேயும் அதே வழக்கம்தான்.

செனகலில் ஒரே பெரிய தாம்பாளத்தில் சோற்றைப் பரப்பி, நடுவில் மீனும் காயும் வைத்து, எல்லோரும் சுற்றி உட்காருவார்கள். அவரவர் தம் முன்னால் உள்ளதைத்தான் சாப்பிட வேண்டும். வீட்டுக்காரி நடுவிலிருந்து மீனைப் பிய்த்து விருந்தாளியின் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பாள். எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் துணியவில்லை. இலை போட்டுத்தான் பரிமாறினேன். வந்தவர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மாமியார் எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டார்.

பாத்திரத்தின் அடியில் பிடித்த காந்தலை அங்கே வீணாக்க மாட்டார்கள். சுரண்டித் தனியாகப் பரிமாறுவார்கள். சாயங்காலம் அதற்காக அடுக்களைக்குப் போனேன். பாத்திரம் பளபளவென்று காலியாக இருந்தது. மாமியார் கையலம்பிக்கொண்டிருந்தார்.

"உப்பு ஒரு கல் குறைச்சல்" என்றார்.