மரக்கன்று மட்டும் போதுமா?

வருஷந்தோறும் ஜூன் 5ம் தேதி நமது ஆரம்பப் பள்ளிகளில் உலகச் சுற்றுச்சூழல் தினம் கொண்டாடப்படுகிறது. பிரமுகர் ஒருவர் வருகிறார். மரக்கன்று நடுகிறார். போட்டோ எடுத்தாகிறது. குழந்தைகள் வெய்யிலில் நின்று கோஷம் போடுகிறார்கள். ஆடிக் காற்றுக்குள் கன்று காய்ந்துவிடுகிறது. மறு வருஷம் அதே குழியில் வேறொரு கன்று!

இதைக் கல்வி என்று ஒப்புக்கொள்ள நாம் தயாராக இல்லை.

பள்ளிகளில் சுற்றுச்சூழல் பாடம் கட்டாயம் என்று சுப்ரீம் கோர்ட் 1991லேயே உத்தரவிட்டது. மனப்பாடத்தை விட்டு, குழந்தை வாழும் இடத்திலிருந்தே பாடத்தைத் தொடங்க வேண்டும் என்று 2005ம் வருஷத்துத் தேசியக் கலைத்திட்டம் சொன்னது. நல்ல யோசனைதான். ஆனால் நடப்பது என்ன? குப்பை போடாதே, குழாயை மூடு என்று உபதேசம் முழுவதும் குழந்தைக்குத்தான். தண்ணீரே வராத தெருவில் வசிக்கும் குழந்தையிடம் குழாயை மூடச் சொன்னால் சிரிப்பதா, அழுவதா?

நொய்யலை எடுத்துக்கொள்வோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகக் காவிரியில் சேரும் ஆறு அது. பாசனத்துக்கென்று 1990களின் தொடக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். தேங்கியதோ சாயக்கழிவு! தண்ணீருக்குக் காத்திருந்த ஆயக்கட்டு விவசாயிகளே கோர்ட்டுக்குப் போக நேர்ந்தது. நிலம் கெட்டதும் முதலில் வேலை இழந்தவர் விவசாயத் தொழிலாளி.

2011 ஜனவரியில், கழிவை முற்றாகச் சுத்திகரிக்காத சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை ஹைகோர்ட். இம்முறை வீதிக்கு வந்தவர் பட்டறைத் தொழிலாளி. ஆறு வேண்டுமா, சோறு வேண்டுமா என்று அவரிடமே கேள்வி! பின்னர் சுத்திகரிப்பு ஏற்பாடு செய்த பட்டறைகள் மீண்டும் ஓடினவே? அப்படியானால் அதை முன்பே செய்யாததற்குக் காரணம் என்ன? செலவு மிச்சம். அந்த மிச்சத்தில் நம் கூலிக்கு ஒரு காசு சேரவில்லை.

1876ல் எங்கெல்ஸ் எழுதிய கட்டுரையில் கியூபாவின் காப்பித் தோட்டங்களைச் சுட்டிக் காட்டினார். மலைச்சரிவுக் காட்டை எரித்த சாம்பல் ஒரு தலைமுறைச் செடிக்கு உரமாயிற்று. பிறகு மழை மண்ணை அடித்துச் சென்றது. லாபம் தோட்டக்காரர் பெட்டியில், பாறை ஊருக்கு.

எட்டு வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் புரியுமா என்பார்கள். புரியும், கையால் தொட்டுப் பார்த்தால். உபாத்தியாயர் குழந்தைகளை ஊர் ஓடைக்கு அழைத்துச் செல்லட்டும். எந்தக் குழாய் எங்கிருந்து வந்து அதில் விழுகிறது என்று படம் வரையச் சொல்லட்டும். வீட்டுக்கு ஒரு புட்டி தண்ணீர் கொண்டுவந்து, ஒரே அளவு சோப்பைப் போட்டுக் குலுக்கட்டும். எதில் நுரை வரவில்லை, ஏன்? ஒரு சட்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்து வற்றவிட்டால் அடியில் படியும் உப்பைக் கண்ணால் காணலாம். வீட்டுக்கு நாளொன்றுக்கு எத்தனை குடம், சுமப்பவர் யார் என்பது கணக்குப் பாடம். இந்த ஓடையில் என்ன மீன் பிடித்தாய் என்று பாட்டியைக் கேட்டு எழுதினால் தமிழ்ப் பாடம். நடவு நடும் தாய் ஒருவரை ஒரு நாள் வகுப்பில் உட்கார வையுங்கள். எந்தப் பூச்சி பயிரைத் தின்கிறது, எந்தப் பூச்சி அந்தப் பூச்சியைத் தின்கிறது என்று புத்தகத்தைவிட நன்றாகச் சொல்வார். கூலிக்காரர் வீட்டுக் குழந்தை அன்றைக்கு நிமிர்ந்து உட்காரும்.

உபாத்தியாயரைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு பேர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்கும் பள்ளிகள் உண்டு. ஆள் போட வேண்டியது சர்க்கார்.

ஆனால் நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2009ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். ஷிப்ட், கூலி என்று நாம் போகாததால் நம் பெயரில் வேறு யாரோ பேசிவிடுகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு மில் தோழரும் விவசாயத் தொழிலாளத் தோழரும் சேர்ந்தே போங்கள். நட்ட கன்றுகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று கேளுங்கள். பள்ளிக் குடிதண்ணீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள். குழந்தைகளை ஓடைக்கு அழைத்துப் போகும் தேதியைக் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.