52 வயதில் பி.எஃப். பென்ஷன்: இப்போதே வாங்கலாமா, காத்திருக்கலாமா?

நெய்வேலியில் இரண்டு வகை வீடுகள் உண்டு. டவுன்ஷிப் வட்டங்களில் குடியிருக்கும் நிரந்தர ஊழியர் வீடு ஒன்று. மந்தாரக்குப்பம் போன்ற சுற்றுப்பக்கத்து ஊர்களிலிருந்து டூவீலரில் ஷிஃப்டுக்கு வந்துபோகும் ஒப்பந்தத் தொழிலாளர் வீடு இன்னொன்று. 1956-ல் நிறுவனம் தொடங்கியதிலிருந்து பழுப்பு நிலக்கரிதான் இரண்டு வீட்டுக்கும் சோறு போடுகிறது. ஆனால் பென்ஷன் என்று வந்துவிட்டால் கணக்கு வேறு வேறு. இந்த வாரம் இரண்டாவது வீட்டின் கணக்கைப் பார்ப்போம்.

இப்படி ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். கணவருக்கு 52 வயது. 15 வருடம் பி.எஃப். பிடித்தம் ஆகியிருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து நான்கு மாதமாக வேலை இல்லை. மகனின் 14,000 ரூபாய் சம்பளத்தில் வீடு ஓடுகிறது. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். "50 தாண்டிட்டல்ல, பென்ஷனுக்கு எழுதிக் குடுத்துடு" என்கிறார் நண்பர். மனைவிக்கோ வேறு பயம். "ஏங்க, நீங்க பென்ஷன் வாங்குனா எனக்கு வர்ற ஆயிரம் ரூபா நின்னுடுமா?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முன்கூட்டியே வாங்கினால் எவ்வளவு குறையும்?

1995 நவம்பர் 16-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம்தான் இ.பி.எஸ். முதலாளி தரும் 12 சதவீதப் பங்கில் 8.33 சதவீதம் இதற்குப் போகிறது. குறைந்தது 10 வருடப் பணி இருந்தால் 58 வயதில் முழு பென்ஷன் கிடைக்கும். 50 வயதிலிருந்தே வாங்கவும் வழி இருக்கிறது. ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. பி.எஃப். பிடிக்கும் வேலையில் இருந்துகொண்டே இதை வாங்க முடியாது.

கணக்கிடும் முறை எளிது. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணி வருடங்களால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 2014 செப்டம்பர் முதல் இந்தக் கணக்குக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய்.

நம் உதாரணத்தில் 15,000 × 15 ÷ 70. அதாவது 58 வயதில் மாதம் 3,214 ரூபாய். 52-லேயே வாங்கினால் ஆறு வருடத்துக்கு 24 சதவீதம் போய், கைக்கு வருவது 2,443. குறைவு 771 ரூபாய். இந்த வெட்டு 58 வயது ஆனதும் சரியாகிவிடாது. ஆயுள் முழுக்கத் தொடரும்.

அப்படியானால் முன்கூட்டி வாங்குவது நஷ்டமா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 52 முதல் 58 வரை 72 மாதங்களில் ஏறக்குறைய 1.76 லட்சம் ரூபாய் கைக்கு வந்திருக்கும். மாதம் 771 வீதம் அது கழிய சுமார் 19 வருடம் பிடிக்கும். 77 வயது வரை முன்கூட்டி வாங்கியவருக்கே கணக்கு சாதகம். உடல்நிலை இனி வேலைக்கு ஒத்துவராது என்றால், வாங்குவதில் தவறில்லை.

ஆனால் வேறொரு பி.எஃப். வேலை கிடைத்து, 58 வரை உழைக்க முடிந்தால் கதையே மாறும். பணி 21 வருடம் ஆகும். 20 வருடம் முடித்தவருக்கு 2 வருடம் கூடுதலாகச் சேர்ப்பார்கள். 15,000 × 23 ÷ 70 என்றால் மாதம் 4,929 ரூபாய். இன்றைய 2,443-க்கு அது இரண்டு மடங்கு.

மனைவியையும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டும். பென்ஷன் வாங்குபவர் இறந்துவிட்டால், அவர் வாங்கிய தொகையில் பாதி மனைவிக்கு வரும். 2,443-ல் பாதி 1,221. 4,929-ல் பாதி 2,464. இன்று போடும் கையெழுத்து, நாளை அவர் தனியாக நடத்தப்போகும் குடித்தனத்தையும் தீர்மானிக்கிறது.

ஆயிரம் ரூபாய் நிற்குமா?

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது அறிவிக்கப்பட்ட விதிப்படி, குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பம் என்றால் ரேஷன் கார்டில் உள்ளவர்கள். பொதுத்துறை நிறுவனத்தின் ஊழியர், ஓய்வூதியதாரர் குடும்பங்களுக்குக் கிடையாது. டவுன்ஷிப்பின் நிரந்தர ஊழியர் வீடுகள் இதில் வராததற்கு அதுவே காரணம்.

நம் உதாரண வீட்டில் மகனின் சம்பளம் வருடத்துக்கு 1,68,000. அதோடு 2,443 ரூபாய் பென்ஷன் வருடத்துக்கு 29,316. மொத்தம் 1,97,316. வருமான வரம்பைத் தாண்டவில்லை. ஆனால் மகன் சம்பளம் 19,000 ஆகிவிட்டால் இதே பென்ஷனோடு மொத்தம் 2,57,316. வரம்பு தாண்டிவிடும். ஆகவே பென்ஷனை மட்டும் தனியாகப் பார்க்காமல், கார்டில் உள்ள எல்லோருடைய வருமானத்தையும் கூட்டிப் பாருங்கள்.

முதியோர், விதவை, அமைப்புசாரா நல வாரிய ஓய்வூதியம் போன்றவை பெறும் குடும்பங்களுக்கும் அந்த விதிகளில் தடை இருந்தது. பின்னால் சில தளர்வுகள் வந்தன. பென்ஷனுக்கு எழுதும் முன் வட்டாட்சியர் அலுவலகத்தில் அன்றைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். வருமானத்தை மறைத்து மட்டும் வாங்க வேண்டாம்.

இன்னொரு தப்புக் கணக்கும் உண்டு. "60 ஆனா முதியோர் பென்ஷன் 1,200-ம் சேர்ந்து வரும்" என்று நினைப்பது. அது வருமானமும் ஆதரவும் இல்லாத முதியவர்களுக்கானது. மாதாமாதம் வேறு பென்ஷன் வாங்குபவர் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

இந்தச் சிக்கல் நம் ஊரோடு முடிவதில்லை. பிரிட்டனில் தனியார் பென்ஷன் பணத்தை 55 வயதில் எடுக்கலாம். 2028-ல் அது 57 ஆகிறது. எடுத்த பணம் கையிருப்பில் சேர்ந்து 16,000 பவுண்டைத் தாண்டினால் 'யுனிவர்சல் கிரெடிட்' உதவித்தொகை நின்றுவிடும். அங்கேயும் எடுப்பதற்கு முன்புதான் கணக்குப் போட வேண்டும்.

கையெழுத்துக்கு முன் மூன்று வேலைகள்

முதலில், யு.ஏ.என். எண்ணில் பாஸ்புக்கைப் பாருங்கள். ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் புதுக் கணக்கு தொடங்கியிருந்தால், பழைய பணிக்காலம் சேராமல் கிடக்கலாம். அதைச் சேர்த்தாலே பென்ஷன் கூடும்.

இரண்டாவது, பி.எஃப். பணமும் பென்ஷனும் ஒன்றல்ல. மகளின் கட்டணம்தான் அவசரம் என்றால், படிப்புக்காக பி.எஃப். கணக்கிலிருந்து பணம் எடுக்க வழி இருக்கிறது. அதற்காக ஆயுள் பென்ஷனை வெட்டிக்கொள்ளத் தேவையில்லை.

மூன்றாவது, பென்ஷனுக்கான 10-டி படிவத்தை நிரப்பும் முன் இரண்டு தொகைகளையும் ஒரே தாளில் எழுதி, வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பாதித் தொகையில் பின்னாளில் வாழப்போகிறவர் மனைவிதான். முடிவில் அவர் பேச்சும் இருக்கட்டும்.