விசா உங்கள் பெயரில், பிடி முதலாளி கையில்

பிரிட்டனில் எல்லை மற்றும் குடியேற்றத் துறைக்குத் தலைமை ஆய்வாளராக இருந்தவர் டேவிட் நீல். 2024 மார்ச்சில் வெளியான அவரது அறிக்கையில் இப்படி ஒரு தகவல் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஆள் எடுத்துக்கொள்ள ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு உள்துறை அமைச்சகம் 275 ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ்களை ஒதுக்கியது. அப்படி ஓர் இல்லமே கிடையாது! இன்னொரு நிறுவனம், உரிமம் வாங்கும்போது தன்னிடம் நான்கு பேர் வேலை செய்வதாகச் சொன்னது. அதற்கு 1,234 சான்றிதழ்கள் போயிருக்கின்றன. உரிமம் பெற்ற 1,600 முதலாளிகளுக்கு ஒரு கண்காணிப்பு அதிகாரி என்ற விகிதத்தில் துறை நடந்தால் வேறென்ன நடக்கும்? அறிக்கை அச்சேறும் முன்பே, பிப்ரவரியில், நீலைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அது வேறொரு விவகாரத்தில். ஊடகத்துக்குத் தகவல் கொடுத்தார் என்று.

கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும், நைஜீரியா, ஜிம்பாப்வே போன்ற நாடுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் இந்தச் சான்றிதழ்களை நம்பித்தான் விமானம் ஏறினார்கள். தப்பு செய்தவர்கள் சான்றிதழ் விற்ற நிறுவனமும் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்கிய அமைச்சகமும். தண்டம் கட்டியது மட்டும் விமானம் ஏறியவர்கள். இதை நிர்வாகக் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டனின் ‘ஸ்கில்டு ஒர்க்கர்’ விசா கட்டப்பட்டிருக்கும் விதமே, நட்டம் எங்கே வந்தாலும் அதைத் தொழிலாளியின் தலையில் கொண்டுபோய் இறக்குவதாக இருக்கிறது.

நிலைமை எப்படி இங்கே வந்து நின்றது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு ஐரோப்பியர்கள் தடையின்றி வந்து வேலை பார்க்கும் வசதி 2020 டிசம்பரோடு முடிந்தது. அதே மாதம்தான் இந்த விசாவும் நடைமுறைக்கு வந்தது. பட்டப்படிப்புத் தரத்துக்குரிய வேலை என்ற பழைய நிபந்தனையைப் பள்ளி இறுதி அளவுக்கு இறக்கினார்கள். உள்ளூரில் ஆள் தேடிப் பார்த்தேன் என்று முதலாளி நிரூபிக்க வேண்டிய சோதனையையும் எடுத்துவிட்டார்கள். அப்படியும் முதியோர் பராமரிப்புத் துறைக்கு ஆள் கிடைக்கவில்லை. 2021-22இல் இங்கிலாந்தில் மட்டும் அந்தத் துறையில் ஏறக்குறைய 1,65,000 இடங்கள் காலி. சம்பளத்தைக் கூட்டினால் உள்ளூர்க்காரர்கள் வருவார்கள். ஆனால், பெரும்பகுதி பராமரிப்புக்குப் பணம் கொடுப்பது உள்ளாட்சி மன்றங்கள். அவற்றின் கையிருப்போ காலி. ஆகவே, சம்பளத்தைத் தொடாமல் 2022 பிப்ரவரியில் விசாவைத் திறந்துவிட்டார்கள். ஆண்டுக்கு 20,480 பவுண்டு சம்பளம் காட்டினால் போதும், பராமரிப்புப் பணியாளருக்கு விசா என்றானது. 2023இல் மட்டும் இந்த விசாவின் கிளையான சுகாதார, பராமரிப்புப் பணி விசா பெற்றவர்கள், குடும்பத்தினரைச் சேர்க்காமல், சுமார் 1,46,000 பேர்.

இந்த விசாவின் உயிர்நாடி சி.ஓ.எஸ். என்று ஏஜென்ட்டுகள் சொல்லும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ். சான்றிதழ் என்றதும் முத்திரை குத்திய காகிதத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது உள்துறை அமைச்சகத்தின் கணினியில் இருக்கும் ஒரு பதிவு, அதற்கு ஓர் எண். அந்தப் பதிவை உருவாக்குவது முதலாளி. “இவர் இப்போது என்னிடம் வேலையில் இல்லை” என்று அமைச்சகத்துக்குத் தெரிவிப்பவரும் அவரே. தெரிவித்த பிறகு அமைச்சகத்திலிருந்து கடிதம் வரும்: 60 நாளுக்குள் புது ஸ்பான்சரைப் பிடியுங்கள், இல்லையேல் நாட்டைவிட்டுப் புறப்படுங்கள். அந்த 60 நாளில் வேறு வேலைக்குப் போகக் கூடாது. புது விசா கைக்கு வந்த பிறகே போகலாம். அரசின் நலத்திட்ட உதவிக்கும் வழியில்லை. ஒரு சி.ஓ.எஸ்ஸுக்கு நிறுவனம் அரசுக்குக் கட்டிய கட்டணம் அன்றைக்கு இருநூறு பவுண்டுக்குச் சற்று முன்பின், நம் பணத்தில் இருபதாயிரம் ரூபாய் சொச்சம். ஆண்டுக்கு இவ்வளவு என்று திறன் கட்டணமும் கட்ட வேண்டும். சிறு நிறுவனத்துக்கு அது அன்று 364 பவுண்டு. நம் ஊரில் அதே எண்ணுக்கு ஏஜென்ட்டுகள் பத்து லட்சம், பதினைந்து லட்சம் என்று விலை பேசினார்கள்.

மார்த்தாண்டம் பக்கம் ஜி.என்.எம். நர்சிங் படிப்பு முடித்த ஒரு பெண்ணை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 7 எடுக்க வேண்டும், எழுத்துப் பகுதியில் மட்டும் 6.5 போதும். அது கைகூடவில்லை. பராமரிப்புப் பணிக்கு அவ்வளவு ஆங்கிலம் அன்று தேவைப்படவில்லை. “முதலில் கேர் விசாவில் போயிடும்மா, அங்கே போய் நர்ஸ் ஆயிக்கலாம்” என்கிறார் ஏஜென்ட். நகை அடகுக்குப் போகிறது, வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது. அங்கே கிடைப்பது ‘ஹோம் கேர்’, அதாவது வீடுவீடாகப் போய்ப் பார்க்கும் வேலை. காலை ஏழு மணிக்கு முதல் வீடு. முதியவரை எழுப்பி, குளிப்பாட்டி, மாத்திரைப் பெட்டியில் அன்றைய அறையைத் திறந்து கொடுத்து, டீயும் ரொட்டியும் வைத்து, எல்லாவற்றையும் செல்போன் செயலியில் குறித்துவிட்டு அரை மணி நேரத்தில் கிளம்ப வேண்டும். அடுத்த வீடு ஆறு கிலோமீட்டர் தள்ளி. அந்தப் பயண நேரத்துக்கும் கூலி உண்டு என்பதே சட்டம். பல நிறுவனங்கள் வீட்டுக்குள் இருக்கும் நிமிடங்களுக்கு மட்டுமே கணக்குப் பார்க்கின்றன. கார் இல்லாமல் இந்த வேலை நடக்காது. இந்திய ஓட்டுநர் உரிமம் அங்கே 12 மாதம்தான் செல்லும். அதற்குள் பிரிட்டிஷ் தேர்வில் தேறியாக வேண்டும்.

ஒப்பந்தத்தில் வாரம் 39 மணி நேரம் என்று இருக்கும். ரோட்டா எனும் பணிநேரப் பட்டியலில் 15 மணி நேரம் வரும். ஏன் என்று கேட்டால் மேலாளர் குரலை உயர்த்தக்கூட வேண்டியதில்லை. “சி.ஓ.எஸ்ஸை கேன்சல் பண்ணிடட்டுமா?” என்ற ஒரு கேள்வி போதும். ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

இதில் இன்னொரு வேடிக்கை, யாரும் அதிகம் பேசாதது. இந்தப் பெண் 2024 மார்ச்சுக்கு முன்பே கணவரையும் கூட்டிப்போயிருந்தால், அவருக்குக் கிடைப்பது சார்ந்திருப்போர் விசா. அதில் அவர் கிடங்கில் பெட்டி அடுக்கலாம், டாக்ஸி ஓட்டலாம், திங்களன்று ஒரு வேலை, வியாழனன்று வேறொரு வேலை என்று மாறலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எந்தத் திறனுக்காக நாட்டுக்குள் விட்டார்களோ, அந்தத் திறன் உள்ளவர் கட்டுண்டு கிடக்கிறார். அவர் கைபிடித்து வந்தவர் சுதந்திரமாக இருக்கிறார். தொழிலாளர் சந்தையைக் காப்பாற்றத்தான் இந்தக் கட்டு என்று வாதிடுபவர்கள் இந்த முரணுக்குப் பதில் சொன்னதாக நான் பார்க்கவில்லை.

வளைகுடா நாடுகளின் கஃபாலா முறையைப் பற்றி நம் பத்திரிகைகள் நிறைய எழுதியிருக்கின்றன. கஃபீல் எனப்படும் முதலாளி சொன்னால்தான் வேலை மாறலாம், கஃபீல் கைவிட்டால் குடியிருப்பு அனுமதியே போய்விடும். சிவகங்கையிலும் ராமநாதபுரத்திலும் வீட்டுக்கு வீடு தெரிந்த கதை. லண்டன் என்றதும் அந்த நினைப்பு நமக்கு வருவதில்லை. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது அங்கே குற்றம், நீதிமன்றம் உண்டு, தொழிற்சங்கம் உண்டு. அந்த வித்தியாசங்கள் பெரியவைதான். ஆனால், வாழும் உரிமையையும் வேலையையும் ஒரே முதலாளியின் கையில் முடிந்து கொடுப்பது இரண்டிலும் ஒன்றே. முதலாளியிடம் தடையில்லாச் சான்று வாங்காமல் வேலை மாறலாம் என்று கத்தார் 2020இல் சட்டம் திருத்தியது. அது ஏட்டளவில்தான் என்று குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டனில் பழைய முதலாளியின் சான்று தேவையில்லைதான். ஆனால், புது ஸ்பான்சரும் புது விசாவும் இல்லாமல் வேலை மாற முடியாது.

மாற்று வழி இல்லாமலில்லை. ஆஸ்திரேலியாவிலும் முன்பு 60 நாள்தான் கெடு. 2024 ஜூலையிலிருந்து அதை ஒரு தடவைக்கு 180 நாள், விசாக் காலம் முழுவதற்குமாக 365 நாள் என்று நீட்டினார்கள். அதைவிட முக்கியம், அந்த நாட்களில் வேறு எங்கு வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம். கனடா 2019இலேயே, முதலாளியின் கொடுமைக்கு ஆளானவருக்கு யாரிடமும் வேலை பார்க்கும்படியான அனுமதியைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் யூனிசன் தொழிற்சங்கம் கேட்பது இன்னும் எளிமையானது: சான்றிதழைத் தனித்தனி நிறுவனம் வைத்திருக்காமல் பராமரிப்புத் துறை முழுவதற்கும் பொதுவாக்குங்கள். முதலாளிகள் சொல்லும் மறுப்பு, காசு செலவழித்து நாங்கள் கூட்டிவந்த ஆள் மறுநாளே பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்பது. நியாயமான கவலை. அதற்கு, போகும்போது மீதிச் செலவைப் புது முதலாளி கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளட்டும் என்று விதி போடலாம். அதை விட்டுவிட்டு ஆளையே கட்டிப்போடுவது செலவைக் காக்கும் வழியாகாது.

அரசு நடவடிக்கையே எடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை பராமரிப்புத் துறையில் 470க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமத்தை ரத்து செய்தார்கள். அந்த நிறுவனங்களோடு தொடர்புடைய தொழிலாளர்கள் 39,000க்கும் மேல். அங்கேதான் கொடுமை. முதலாளியைத் தண்டித்தால் அவரோடு தொழிலாளியும் சேர்ந்து விழுகிறார். அப்படியிருக்க, எந்தத் தொழிலாளி புகார் கொடுப்பார்? புகார் வெற்றி பெற்றால் அவருக்கு 60 நாள் கடிதம் வரும். இப்படி நடுத்தெருவுக்கு வந்தவர்களுக்கு வேலை தேடிக்கொடுக்க வட்டார வாரியாக ஏற்பாடு செய்தார்கள். தொடர்பு கொள்ளப்பட்ட சுமார் 28,000 பேரில் புது வேலை கிடைத்ததாகத் தெரிவித்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு. அதே காலத்தில் துறையில் ஒரு லட்சத்துக்கும் மேல் காலியிடங்கள் இருந்தன. வேலை இருக்கிறது, ஆளும் இருக்கிறார். நடுவே ஒரு கணினிப் பதிவு இல்லை.

எல்லோருக்கும் இந்தக் கதி இல்லை. தேசிய சுகாதார சேவையில் மருத்துவர்களாகவும் நர்ஸ்களாகவும் போன நம்மவர்களில் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கிறார்கள். பொறியாளர்கள், மென்பொருள்காரர்கள் விஷயமும் அப்படித்தான். அவர்களுக்கும் இதே 60 நாள் கெடுதான். ஆனால், ஒருவர் விட்டால் எடுத்துக்கொள்ள இன்னொரு ஸ்பான்சர் காத்திருக்கிறார். சந்தையில் மதிப்புள்ளவருக்கு இந்த விசா ஏணி, இல்லாதவருக்குத்தான் கண்ணி.

வந்தவர்களின் எண்ணிக்கை அரசியலாகிவிட்டதும் கதவைச் சாத்தத் தொடங்கினார்கள். 2024 மார்ச்சில் பராமரிப்புப் பணியாளர்கள் குடும்பத்தைக் கூட்டிவரத் தடை. ஏப்ரலில் பொதுவான சம்பள வரம்பு 26,200 பவுண்டிலிருந்து ஒரே தாவலில் 38,700. 2025 ஜூலை 22இல் அது 41,700 ஆனது, பட்டப்படிப்புத் தரம் என்ற நிபந்தனை திரும்பி வந்தது, வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணியாளர் எடுப்பது அடியோடு நின்றது. கட்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

நம் பக்கம் பார்ப்போம். அதே ஜூலையில், இரண்டே நாள் கழித்து, 24ஆம் தேதி, இந்தியாவும் பிரிட்டனும் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்திய நிறுவனங்கள் தற்காலிகமாக அனுப்பிவைக்கும் ஊழியர்களுக்கு அங்கே குறிப்பிட்ட காலத்துக்குச் சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் இல்லை என்ற சலுகையையும் இதையொட்டிப் பேசி முடித்தோம். மென்பொருள் நிறுவனங்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது. கிடைத்தது நல்லதே. ஸ்பான்சர் கைவிட்ட இந்தியப் பெண்களுக்கு நாலு மாதம் கூடுதலாகக் கொடுங்கள் என்று அந்த மேசையில் நாம் கேட்டதாகத் தெரியவில்லை. நிறுவனங்களுக்குச் சங்கம் இருக்கிறது, தில்லியில் ஆள் இருக்கிறது. அடகு வைத்துப் போனவருக்கு யார் இருக்கிறார்கள்?

வேலை தேடித்தரத் தொழிலாளியிடம் காசு வாங்குவது பிரிட்டனில் 1973ஆம் ஆண்டிலிருந்தே சட்டவிரோதம். ஆகையால் வசூல் இங்கே நடக்கிறது. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஒருவரிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். இந்தச் சட்டத்தின் கண்கள் வளைகுடாவின் மீதே இருக்கின்றன. குடிபெயர்வு அனுமதி கேட்கும் நாடுகளின் பட்டியலில் பிரிட்டன் இல்லை. அதனால், ‘கன்சல்டன்சி’ என்று போர்டு மாட்டி, ‘ஆலோசனைக் கட்டணம்’ என்று ரசீது கொடுத்து, பல லட்சத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட முடிகிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1978லிருந்தே தமிழ்நாடு அரசுக்குச் சொந்தமாக ஒரு நிறுவனம் உண்டு. ஊர்ப்பக்கம் எத்தனை பேருக்கு அதன் பெயர் தெரியும்? தெருமுனை ஏஜென்ட்டின் பெயர் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த இடி வரக் காத்திருக்கிறது. ஐந்தாண்டு வேலை பார்த்தால் நிரந்தரக் குடியிருப்பு, அதன்பின் ஸ்பான்சர் தேவையில்லை என்பதுதான் இந்த விசாவில் இருந்த ஒரே வெளிச்சம். அதைப் பொதுவாகப் பத்தாண்டாக்கவும், பராமரிப்புப் பணியாளர் போன்ற கீழ்நிலைத் தகுதி வேலைகளுக்குப் பதினைந்தாண்டாக்கவும் 2025 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு திட்டம் முன்வைத்தது. ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்றது அறிவிப்பு. அந்தக் கணக்குப்படி 2022இல் போனவர் 2027இல் அல்ல, 2037இல்தான் முதலாளியின் பிடியிலிருந்து விடுபடுவார். வர்த்தக ஒப்பந்தம் போட்ட கையோடு தில்லி லண்டனிடம் இன்னொரு முறை பேசுவதாக இருந்தால், புது விசாக்களின் எண்ணிக்கையைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே அங்கே இருப்பவர்களுக்கு ஆஸ்திரேலியா கொடுத்த அந்த 180 நாளை முதலில் கேட்க வேண்டும்.