தாங்கியின் உயரம் என்ன?

நம் சங்க அறையின் ஒலிபெருக்கிகளுக்குப் புதிய தாங்கிகள் வாங்க வேண்டுமென்று செயற்குழுவில் பேச்சு எழுந்திருக்கிறது. தாங்கி வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. முள்கால் வைத்த விலையுயர்ந்த வெளிநாட்டுத் தாங்கியே வேண்டும் என்பதைத்தான் மறுக்கிறேன்.

இப்போது அவை மேசைமேல் இருக்கின்றன. இசைக்கவையைத் தட்டி அதன் காம்பை மேசையில் ஊன்றினால் ஒலி பெருகுவதைப் பள்ளியிலேயே கண்டோம். பெட்டியின் அதிர்வும் அவ்வாறே பலகையில் இறங்கி அதையும் பாடவைக்கிறது. வீணைக்குக் குடம் வேண்டும், ஒலிபெருக்கிக்கு வேண்டாம். அன்றியும், மேசைப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒலி, நேரே வரும் ஒலியோடு சற்றுப் பின்தங்கிக் கலந்து சில அதிர்வெண்களை மெலியச் செய்கிறது. கனமான, ஆடாத தாங்கி இவ்விரண்டையும் குறைக்கும்.

முள்கால் அன்பர்கள் வேறொன்று சொல்கிறார்கள். கூம்பு முன்னே பாயும்போது பெட்டி பின்னே தள்ளப்பட்டு இசையின் நுட்பம் கெடுகிறதாம்! கணக்குப் பார்ப்போமே. கூம்பின் நிறை 15 கிராம், பெட்டியின் நிறை 7.5 கிலோ என்று கொள்வோம். உந்த அழிவின்மை விதிப்படி பெட்டியின் அசைவு கூம்பின் அசைவில் 500-இல் ஒரு பங்கு. ஏறக்குறைய 54 டெசிபெல் கீழே. தாங்கி தள்ளாடினால் இது பெருகக்கூடும். அதற்குக் குழாய்க்காலுக்குள் உலர்ந்த மணலை நிரப்பினால் போதும்.

உயரந்தான் தலையாயது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 செ.மீ. அத்தகைய ஒலி ட்வீட்டருக்கு நேர்முகமாகவே செறிந்து செல்லும்; ஆகவே ட்வீட்டர் செவி மட்டத்தில் இருக்கவேண்டும். கடைகளில் பெரிதும் கிடைக்கும் 60 செ.மீ. தாங்கி இருக்கையில் அமர்வோருக்கென அளந்தது. நாமோ ஜமக்காளம் விரித்துச் சம்மணமிட்டுக் கச்சேரி கேட்பவர்கள்! நம் செவி தரையிலிருந்து சுமார் 70 செ.மீ. உயரத்தில் இருக்கும். நம் பெட்டியில் ட்வீட்டர் அடியிலிருந்து 28 செ.மீ. எனவே 42 செ.மீ. தாங்கியே நமக்குப் பொருந்தும். அதை உள்ளூர்த் தச்சரே செய்து தருவார்.

இடமும் முக்கியம். மூலையில் ஒட்டிவைத்தால் தாழ்ந்த ஒலி வீங்கும். சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளினாலோ 86 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழும். நகர்த்தி நகர்த்திக் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும்.

வாங்குமுன் ஒரு சோதனை வைப்போம். செங்கல் அடுக்கி இரண்டு உயரங்களையும் அமைப்போம்; மெல்லிய துணித்திரைக்குப் பின்னே ஒருவர் மாற்ற, முன்னே அமர்ந்தோர் எது நன்று என்று தனித்தனியே எழுதட்டும். முள்கால் அன்பர்கள் இரவல் தாங்கி கிடைத்தால் அதையும் கொண்டுவரலாம்.