பெட்டைக் குட்டிக்கும் ஒரு வீடு

நாய் குட்டி ஈன்றால் ஆண் குட்டிகளைக் கேட்டுப் பலர் வருவர். பெட்டைக் குட்டிகளோ சாக்கில் இடப்பட்டுச் சந்தையடியில் விடப்படுகின்றன. "யாரேனும் எடுத்து வளர்ப்பர்" என்பது வெறும் மனத்தேற்றம். பால்மறவாத குட்டி பட்டினியால் மடியும். பிழைப்பதும் தடுப்பூசியின்றி அலைந்து விசர்நோய் பரவ வழியாகும். அந்நோயின் குறிகள் தோன்றியபின் மனிதர் பிழைப்பது அரிதினும் அரிது.

ஆகவே, குட்டிக்கு வீடு தேடுதல் தாய்நாயை வளர்ப்பவரின் கடமை என்பதே எமது கருத்து. கமக்காரர்களே! எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. கேட்பவரின் வளவுக்கு நேரிற் சென்று, வேலி உண்டா, பகலில் ஆள் இருப்பரா, முன்பு வளர்த்த நாய் என்னவாயிற்று என வினவுங்கள். இரவும் பகலும் சங்கிலியிற் கட்டிவைப்பவருக்குக் கொடாதிருத்தலே நன்று. குடற்புழு மருந்து, தடுப்பூசி ஆகியவற்றின் விவரங்களை எழுதிக் கொடுங்கள்.

பெட்டைநாய் காவலிற் குறைந்ததன்று. அது குட்டி ஈனுமென அஞ்சுவோர்க்கு, மிருக வைத்தியர் செய்யும் கருத்தடைச் சத்திரசிகிச்சையை எடுத்துரையுங்கள். தாய்நாய்க்கும் அதனைச் செய்வித்தால் மீண்டும் வீடு தேடவேண்டியதில்லை.

நிலமறிந்து விதைக்கும் நாம், குட்டியையும் மனையறிந்து கொடுப்போமாக.